பாட்டுச் சீட்டு போன பாதை

ஆத்தூர்ப் பக்கம் மைக் செட் போடுகிறவருக்கு ஒரே வகை வேலை கிடையாது. இந்த வாரம் அம்மன் கோயில் கொடை, அடுத்த வாரம் கடற்கரை ஊரில் மாதா கோயில் திருவிழா, நடுவில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம், யாரும் எதிர்பாராத நேரத்தில் ஒரு துட்டி வீடு, அதாவது சாவு வீடு. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவில், தாமிரபரணி புன்னக்காயலில் கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர் இது. (சேலத்து ஆத்தூர் இல்லை, 2023இல் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர்.) சுற்றுவட்டாரத்தில் எல்லாச் சாமிக்கும் ஆள் உண்டு. எல்லாருக்கும் பாட்டு வேண்டும். ஆனால் ஒரே பாட்டு ஆகாது. அதனால் மைக் செட்காரரின் மடிக்கணினித் திரையில் 'கொடை காலை', 'கொடை ராத்திரி', 'மாதா கோயில்', 'நிக்காஹ்', 'துட்டி' என்று கோப்புகள் கிடக்கும். ஒன்றின்மேல் டபுள் கிளிக் செய்தால் வினாம்ப், விஎல்சி போன்ற பாட்டு மென்பொருள் ஒன்று திறந்துகொண்டு பாட ஆரம்பித்துவிடும்.

அந்தக் கோப்பின் எடையைப் பார்த்தால்தான் வேடிக்கை. இருநூறு பாட்டு, ஒவ்வொன்றும் நாலரை எம்பி என்று வைத்தால் 900 எம்பி ஆகிறது. 'கொடை ராத்திரி' என்ற கோப்பு இருபது, இருபத்தைந்து கேபிக்கு மேல் தேறாது. அதை மட்டும் வாட்ஸ்ஆப்பில் ஒருவருக்கு அனுப்பினால் அங்கே ஒரு பாட்டும் பாடாது. காரணம், அதற்குள் பாட்டே இல்லை. மளிகைச் சீட்டில் அரிசி, பருப்பு என்று எழுதியிருக்கும். சீட்டை உலையில் போட முடியாது. எந்தப் பாட்டு, அது எங்கே இருக்கிறது, எதற்குப் பிறகு எது. இந்த மூன்றைத் தவிர அதில் வேறு விஷயம் கிடையாது. எம்3யு என்று அந்தக் கோப்பு வகைக்குப் பெயர். பாட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாட்டை அடுக்கிய இந்தச் சீட்டைப் பற்றி எழுத ஆள் குறைவு.

கணினி வருவதற்கு முன்னால் சீட்டு மைக் செட்காரரின் தலைக்குள் இருந்தது. தகரப் பெட்டியில் இசைத்தட்டுகளை நிறுத்தி அடுக்கிக் கொண்டுவருவார். 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். ஒன்று ஓடி முடிவதற்குள் அடுத்ததை எடுத்துத் துடைத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். எல்பி தட்டு வந்தபோது ஒரு பக்கத்தில் ஐந்தாறு பாட்டு கிடைத்தது. கூடவே புதுச் சிக்கலும் வந்தது. நாலாவது பாட்டுதான் வேண்டும் என்றால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும் வெற்றுக் கோட்டைக் கண்டுபிடித்து அதில் முள்ளை இறக்க வேண்டும். ராத்திரி, டியூப் லைட் வெளிச்சத்தில், ஈசல் மொய்க்க, சுற்றிக்கொண்டிருக்கிற தட்டின்மேல். கை நடுங்கினால் ஊர் முழுக்க 'கிர்ர்' என்று கேட்கும்.

வரிசைக்குச் சட்டம் உண்டு. முதல் பாட்டு பிள்ளையாருக்கு. பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் குரல். அடுத்து டி.எம்.சௌந்தரராஜன் பாடிய முருகன் பாட்டு. திருச்செந்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். பிறகு அம்மனுக்கு எல்.ஆர்.ஈஸ்வரி. முஸ்லிம் வீடு என்றால் நாகூர் ஹனிஃபா இல்லாமல் பந்தல் களை கட்டாது. வெயில் ஏறியதும் சினிமாப் பாட்டு, அங்கேதான் வம்பும். எம்ஜிஆர் பாட்டு இரண்டு போட்டால் சிவாஜி பாட்டும் இரண்டு போட்டாக வேண்டும். எண்ணிக்கை தவறினால் மைக் செட் மேசைக்கு ஆள் வந்துவிடும். சாயங்காலம் வில்லுப்பாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் தட்டைத் தூக்கிவிட வேண்டும். இதையெல்லாம் எந்தத் தாளிலும் எழுதாமல் நடத்தினார்கள்.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு வரிசை வந்துகொண்டிருந்தது. 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் சுருங்கியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையோ 1950லேயே தொடங்கியிருந்தது. உப்புத் தண்ணீர்மேல் மத்திய அலை அதிகம் தேயாமல் ஓடும். மன்னார் வளைகுடா நடுவில் இருந்ததால் தூத்துக்குடிக் கரைக்கு அது வசதியாகப் போயிற்று. நம் ஊர் விவித் பாரதி 1957 அக்டோபர் 3ஆம் தேதி பிறந்தபிறகும் கொழும்பைத் தேடி முள்ளைத் திருப்பிய கைகள் உடனே நிற்கவில்லை. இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடி விடிந்த வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரலை வைத்தே மணி சொன்னார்கள். பிற்பாடு அகில இந்திய வானொலியும் தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்ஸில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வைத்து இலங்கைப் பக்கம் பாட்டு அனுப்ப ஆரம்பித்தது தனிக்கதை.

என் கணக்கில், தமிழில் பாட்டு அடுக்கும் கலை உச்சத்தைத் தொட்டது கொழும்பில்தான். நேயர்கள் அஞ்சலட்டையில் கேட்ட பாட்டுகள் பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதை முதலில் விடுவது, எதற்குப் பின்னால் எதை விட்டால் இரண்டும் எடுபடும் என்று பார்த்துப் பார்த்து விட்டார்கள். ஒரு பாட்டின் கடைசி வரியைப் பிடித்து அடுத்த பாட்டுக்குப் பாலம் போடுவார்கள். சீட்டில் நேயர்களின் பெயர்களும் ஊர்களும் சேர்ந்தே வரும். ஆனால் அந்தச் சீட்டு அறிவிப்பாளர் கையில் இருந்தது. கேட்கிறவர் பாட்டைக் கேட்டு எழுதலாமே தவிர, வரிசையில் கை வைக்க முடியாது.

கேட்கிறவர் கைக்குப் பேனா வந்தது கேசட் காலத்தில். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட சாதனம். நம் ஊர்க் கடைவீதிகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தது எண்பதுகளில். கண்ணாடிக் கதவு, அலமாரி நிறைய எல்பி, கதவில் இளையராஜா படம். காலி கேசட்டோடு நாற்பது பக்க நோட்டில் கிழித்த தாளைக் கொடுப்போம். அதில் வரிசை எண் போட்டுப் பாட்டும் படமும் எழுதியிருக்கும். மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். காப்புரிமை என்ற சொல்லை அந்தக் கடைகளில் யாரும் உச்சரித்ததில்லை.

சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம், ஆறேழு பாட்டு. சி-90இல் 45 நிமிடம், பத்துப் பாட்டு. நாம் எழுதிய வரிசை அப்படியே போனால் ஏழாவது பாட்டின் இரண்டாவது சரணத்தில் நாடா தீர்ந்துவிடும். நல்ல கடைக்காரர் அப்படி விடமாட்டார். பி பக்கத்திலிருந்து ஒரு குட்டிப் பாட்டை எடுத்து ஏ பக்கத்தின் கடைசியில் வைத்து, அங்கே நீளமானதைத் தள்ளிவிடுவார். அது நம் வரிசை இல்லை என்று சண்டை போட்டவர்களும் உண்டு. அவர் செய்ததுதான் சரி என்று வீட்டுக்கு வந்து கேட்டபிறகு தெரியும்.

கேசட்டின் கொடுமை வேறு. ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். மூன்றாவது பாட்டுக்கும் நாலாவது பாட்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்றைச் செருக வேண்டுமென்றால், நாலிலிருந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி பதிய வேண்டும். சீட்டும் சரக்கும் ஒரே நாடாவில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் சிக்கல்.

அந்த ஒட்டைப் பிரித்தது எம்பி3. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 1995 ஜூலையில் அந்தப் பெயரை முடிவு செய்தது. அதே ஆண்டு வின்பிளே3 என்ற மென்பொருளையும் வெளியிட்டது. விண்டோஸ் கணினியில் எம்பி3 பாட்டை ஓட்டிக்காட்டியதில் அதுதான் முன்னோடி. அந்த மென்பொருளுக்காகப் பிறந்ததுதான் எம்3யு சீட்டு. வின்பிளே3ஐ இன்று யாருக்கும் நினைவில்லை. 1997 ஏப்ரலில் ஜஸ்டின் ஃபிராங்கல் என்ற பதின்வயது அமெரிக்கப் பையனும் டிமிட்ரி போல்டிரெவும் வினாம்பை வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில் ஏஓஎல் நிறுவனம் சுமார் 8 கோடி டாலர் மதிப்புக்கு அந்தச் சிறு கம்பெனியை வாங்கியது. நம் பக்கம் வினாம்ப் வந்தது பிரவுசிங் சென்டர் வழியாகவும், 150 பாட்டு அடங்கிய எம்பி3 சிடி வழியாகவும். ஒரு சிடியில் பத்துப் பன்னிரண்டு கேசட்டின் பாட்டு. ரெக்கார்டிங் சென்டர்கள் செல்போன் ரீசார்ஜ் கடைகளாக மாறியது அதற்குப் பிறகுதான்.

வினாம்பில் மூன்று சின்னச் சன்னல்கள். மேலே பிளேயர், நடுவில் ஈக்வலைசர், கீழே பிளேலிஸ்ட் எடிட்டர். முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்தில் பாட்டுகளின் வரிசை, வலது ஓரத்தில் ஒவ்வொன்றின் நேரம், அடியில் மொத்த நேரம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மணி எட்டேமுக்கால், சீட்டில் இன்னும் இரண்டு மணி நேரப் பாட்டு மிச்சம் என்றால் எதை வெட்டுவது என்று அந்த அடிவரியைப் பார்த்தே மைக் செட்காரர் முடிவு செய்யலாம். தட்டுக் காலத்தில் இதற்கு அனுபவம்தான் கடிகாரம்.

மவுசால் இழுத்து ஒரு பாட்டை மேலே கொண்டுபோகலாம். ஆல்ட் விசையோடு அம்புக்குறியை அழுத்தினாலும் ஒவ்வொரு படியாக ஏறும், இறங்கும். பிடித்த பத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் 'கிராப்' கொடுத்தால் மற்றதெல்லாம் சீட்டிலிருந்து போய்விடும். ஜே விசையை அழுத்திப் பெயரில் நாலு எழுத்தைத் தட்டினால் ஆயிரம் பாட்டிலும் அது முன்னால் வந்து நிற்கும். இவற்றையெல்லாம்விட மைக் செட்டுக்கு உதவுவது கன்ட்ரோல்-வி. மற்ற மென்பொருளில் ஒட்டுவதற்கான விசை. வினாம்பில் 'இப்போது ஓடுகிற பாட்டு முடிந்ததும் நில்' என்று பொருள்.

"அண்ணாச்சி, தீபாராதனைக்கு மணி அடிக்கப் போறாவ, பாட்ட நிறுத்துங்க."

"ஏல, இந்தப் பாட்டோட நின்னுரும், போ."

பாதிப் பாட்டில் வெட்டினால் கேட்கிறவர் முகம் சுளிப்பார். முடிகிற வரை விட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றால் கைவேலை கெடும். இரண்டுக்கும் நடுவில் அந்த விசை.

அழிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். டெலீட் அழுத்தினால் சீட்டிலிருந்து ஒரு வரி போகும். பாட்டு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். அதே மெனுவின் உள்ளே கொஞ்சம் தள்ளி, கோப்பையே டிஸ்க்கிலிருந்து தூக்குகிற இன்னொரு கட்டளையும் உண்டு. வரியை அழிக்கிறோமா, பாட்டை அழிக்கிறோமா என்று பார்க்காமல் விரலை வைத்தவர்கள் பிறகு பழைய சிடிகளைத் தேடி அலமாரியைக் கிளறியிருக்கிறார்கள்.

இனி சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். எம்3யு கோப்பை நோட்பேடில் திறக்கலாம். மறைவு எதுவும் கிடையாது. வரிக்கு ஒரு பாட்டு. 'ஈ:\பக்தி\அம்மன்\07.எம்பி3' என்பது மாதிரி, ஈ டிரைவில் எந்த ஃபோல்டரில் எந்தக் கோப்பு என்ற வழி மட்டும் இருக்கும். '#' குறியில் தொடங்கும் வரிகள் கூடுதல் தகவலுக்கு: '245' என்று போட்டுக் காற்புள்ளி வைத்துப் பாடியவர் பெயரும் பாட்டின் பெயரும். 245 என்பது விநாடி. நாலு நிமிடம் ஐந்து விநாடி. கோப்பைத் திறக்காமலேயே பிளேயர் நேரத்தைக் காட்டுவது இந்த எண்ணை வைத்துத்தான்.

ஈ டிரைவ் என்று எழுதியிருக்கிறதே, அங்கேதான் கோளாறு. வீட்டுக் கணினியில் ஈ என்று இருந்த வெளி டிஸ்க், பந்தலில் வேறு மடிக்கணினியில் செருகும்போது எஃப் ஆகிவிடும். பாட்டு இருக்கிறது, சீட்டும் இருக்கிறது, ஆனால் எல்லா வரியும் செத்துவிட்டது. பிளேயர் ஒவ்வொன்றாகத் தேடிக் கிடைக்காமல் தாவிக்கொண்டே போகும். மைக்கில் பிள்ளையார் பாட்டு வர வேண்டிய நேரத்தில் சத்தமே இருக்காது. இதற்கு மருந்து எளிது. நோட்பேடில் திறந்து, 'ஈ:' என்பதை எல்லாம் 'எஃப்:' என்று ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால் இருநூறு வரியும் ஒரே நொடியில் உயிர் பெறும். அதைவிட நல்லது, டிரைவ் பெயரையே எழுதாமல் விடுவது. சீட்டைப் பாட்டு ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டு 'அம்மன்\07.எம்பி3' என்று மட்டும் எழுதினால், தான் இருக்கிற இடத்திலிருந்து பிளேயர் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம்.

தமிழ்ப் பெயருக்கு வேறொரு தொல்லை. பழைய எம்3யு, விண்டோஸின் வட்டார எழுத்துப் பட்டியலை நம்பி எழுதப்பட்டது. ரஷ்ய மொழிக்கும் அரபிக்கும் அப்படிப் பட்டியல் இருந்தது. தமிழுக்கு இல்லை, யூனிகோடு மட்டும்தான். தமிழில் பெயர் வைத்த பாட்டைச் சீட்டில் சேர்த்துச் சேமித்தால், மறுநாள் திறக்கும்போது பெயர் முழுக்கக் கேள்விக்குறிகள். யூடிஎஃப்-8 முறையில் எழுதுகிற எம்3யு8 என்ற வகை வந்தபிறகுதான் இது தீர்ந்தது. அதற்குள் நம் ஆட்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதப் பழகிவிட்டார்கள். ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்து, நெடிலுக்கு ஆளுக்கொரு கணக்கு. அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால் ஒரே பாட்டு மூன்று இடத்தில் வந்து நிற்கும். போதாததற்கு, பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதை இறக்கிய இணையதளத்தின் விளம்பரம்.

எம்3யுவுக்குப் போட்டி இல்லாமல் இல்லை. விண்டோஸ் மீடியா பிளேயர் டபிள்யூபிஎல் என்றது, விஎல்சி எக்ஸ்எஸ்பிஎஃப் என்றது, ஃபூபார்2000 தனக்கு மட்டும் புரியும் எஃப்பிஎல் என்றது. ஒன்றில் எழுதியதை இன்னொன்று பல நேரம் திறக்க மறுக்கும். எந்தச் சங்கமும் முறையாக விதி எழுதாத, நோட்பேடில் திறக்கிற ஏழைச் சீட்டை மட்டும் எல்லாரும் படித்தார்கள். அதில் படிக்க அதிகம் இல்லை என்பதே காரணம்.

ஆனால் சீட்டையே மதிக்காத இடம் ஒன்றும் வந்தது: பென் டிரைவ் செருகுகிற வண்டி ஸ்டீரியோ. மார்கழி, தை மாதங்களில் பச்சை உடுத்தித் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு முன்னால், வேலும் மயிலும் வைத்து ஜோடித்த வண்டி பாடிக்கொண்டே ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டும். அப்படிப்பட்ட வண்டிகளின் ஸ்டீரியோக்கள் பல எம்3யுவைத் திறப்பதில்லை, அகரவரிசையையும் பார்ப்பதில்லை. பென் டிரைவில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் பாடும். அதனால் வரிசையைக் கோப்புப் பெயரிலேயே எழுதும் வழக்கம் வந்தது: 001, 002, 003 என்று எண் போட்டு, பென் டிரைவைக் காலி செய்துவிட்டு அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்வது. நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து. கேசட் காலத்துக் கொடுமை வேறு வேடத்தில் திரும்பி வந்தது.

செல்போன் செயலிகளில் பிளேலிஸ்ட் என்ற பொத்தான் இருக்கிறது. அது நம் கையில் இருக்கிற தாள் இல்லை. கம்பெனியின் கணினியில் நம் பெயருக்கு ஒதுக்கிய பக்கம். உரிமம் முடிந்தால் ஒரு நாள் காலையில் பாட்டு மங்கிப்போய்க் கிடக்கும். சீட்டு தீர்ந்தபிறகும் செயலி நிற்காது. நமக்குப் பிடிக்கும் என்று அதுவாக முடிவு செய்ததைப் பாடிக்கொண்டே போகும். வீட்டில் படுத்துக்கொண்டு கேட்பதற்கு அது வசதி, மறுக்கவில்லை. கொடைப் பந்தலில் எடுபடாது. கட்டணம் கட்டாத செயலியில் அம்மன் பாட்டு முடிந்த கையோடு சோப்பு விளம்பரம் ஊருக்கே கேட்கும்.

வினாம்பை மூடப்போவதாக ஏஓஎல் 2013இல் அறிவித்தது. மறு ஆண்டு வேறு கம்பெனி வாங்கியது. அந்த நேரத்தில் எம்3யு வேறொரு வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 2009இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்கு நேரலை வீடியோ அனுப்ப ஒரு முறை கண்டுபிடித்தபோது புதிதாகச் சீட்டு எதுவும் உருவாக்கவில்லை. இருந்த எம்3யு8ஐ எடுத்துக்கொண்டது. ஒளிபரப்பைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டுவது, துண்டுகளின் முகவரியை வரிக்கு ஒன்றாக எழுதுவது. இந்த முறைக்கு 2017 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 8216 என்ற எண்ணில் முறையான ஆவணமும் வந்தது. பாட்டு அடுக்கப் பிறந்த காலத்தில் கிடைக்காத மரியாதை.

திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கும்போது, கூட்டத்தில் நிற்க முடியாதவர்கள் வீட்டில் போனில் பார்க்கிறார்கள். இந்த முறையில் வருகிற நேரலை என்றால், பிளேயர் சில விநாடிக்கு ஒருதரம் சீட்டைக் கேட்டு வாங்கும். ஒவ்வொரு முறையும் மேலே இருந்த பழைய வரி போயிருக்கும், கீழே புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். அடுக்குவது சர்வர், மனிதர் யாரும் அதில் கை வைப்பதில்லை. சூரன் தலை விழுந்து, சேவலும் மயிலுமாகி, ஒளிபரப்பை நிறுத்தும்போது 'எண்ட்லிஸ்ட்' என்று ஒரு வரி சேர்க்கப்படும். அந்த வரியைப் பார்த்தபிறகுதான் பிளேயர் சீட்டைக் கேட்பதை நிறுத்தும்.